மாதவிலக்கு வலியும் கல்யாணப் பேச்சும்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஊட்டியில் படிக்கிறாள். தூரமானால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. மலம் கழிக்கும்போதும் வலியில் அழுகிறாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்கிறார் மாமியார். கல்யாணமாகாத பெண்ணை மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போனால் நாலு பேர் பேசுவார்களே?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: பேசட்டும். இந்த மாதமே கூட்டிப்போங்கள் அம்மா. வகுப்புக்குப் போகவிடாத வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸா என்று சந்தேகிக்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் குடலிலும் கர்ப்பப்பைக்குப் பின்புறமும் படர்ந்து, மாதாமாதம் அங்கேயே வீங்கிப் புண்ணாகும். பிள்ளை பெறும் வயதில் ஏறக்குறைய 10 பெண்களில் ஒருவருக்கு இது உண்டு. சினைப்பையில் பழைய உதிரம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’ இருந்தால் ஸ்கேனில் தெரியும். மெல்லிசாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

உள்பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம். அவள் சம்மதமில்லாமல் யாரும் செய்யக்கூடாது. வயிற்றின் மேல் ஸ்கேன் போதவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டு வளைவுகளில் பஸ்ஸில் தவிக்க வேண்டாம். ஊட்டியில் இறங்கிய பின் குடிக்கட்டும்.

போகுமுன் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, 10-க்கு எவ்வளவு வலி, மலம் சிறுநீர் கழிக்கையில் வலித்ததா, எத்தனை நாப்கின், எத்தனை நாள் லீவு. “ரொம்ப வலி” என்பதைவிட இந்த நோட்டு டாக்டருக்கு உதவும்.

வலி மாத்திரையில் பலர் தவறுவது நேரத்தில்தான். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுப்பதே அதன் வேலை. வலி முற்றியபின் போட்டால் பலன் குறையும். மெஃபனமிக் அமிலம் 500 மில்லிகிராம் என்று எழுதித் தந்தால், வலி தலைகாட்டியதுமே சாப்பிட்டுவிட்டுப் போட்டு, 8 மணி நேரத்துக்கு ஒன்றாக 2-3 நாள் தொடரலாம். அல்சரோ ஆஸ்துமாவோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் போன்ற ஹார்மோன் மாத்திரை, தினமும் ஒரே நேரத்தில். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம். அதற்குப் பயந்து பாதியில் விட்டுவிட வேண்டாம். இதனால் பிள்ளைப்பேறு கெடாது. நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பும்.

கல்யாணம் இதற்கு மருந்தில்லை. கர்ப்பகாலத்தில் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பலாம். மறைத்துக் கட்டிக்கொடுத்து, குழந்தை தாமதமானால் பழியும் அவள் தலையில்தான் விழும்.

கேள்வி: தேயிலை பறிக்கும் வேலை, வயது 40. இதே நோய்க்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள்.
— வாசகி, கூடலூர்

பதில்: ஹார்மோன் சிகிச்சை பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். வெளியே படர்ந்ததை அகற்றாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி நீடிக்கலாம். சினைப்பைகளையும் எடுப்பார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் உடனே மெனோபாஸ், எலும்பும் தேயும். உதிரப்போக்கு அதிகமென்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம்.