டவல் கம்பியை நம்பாதீர்கள்: வீட்டில் பெரியவர்கள், கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): அப்பாவுக்கு 78 வயது. பாத்ரூமில் டவல் கம்பியைப் பிடித்துத்தான் எழுகிறார். போதுமா?

பதில்: போதாது. அது ஈரத்துணி தொங்கப் போட்டது. ஆள் எடை விழுந்தால் திருகோடு பெயர்ந்து வரும். பிடிக்க ஒன்றுமே இல்லாவிட்டால் ஜாக்கிரதையாக இருப்பார். கம்பி இருக்கிற தைரியத்தில் உடம்பை அதன்மேல் விடுகிறார், ஆபத்தே அதுதான். ரப்பர் கப்பால் ஒட்டும் கைப்பிடியும் வேண்டாம். உப்புத் தண்ணீர் கறை படிந்த டைல்ஸில் காற்று புகுந்து சொல்லாமல் கழன்றுவிடும்.

சுமார் ஒன்றேகால் அங்குலம் தடிமனுள்ள ஸ்டீல் கைப்பிடி இரண்டு வாங்குங்கள். ஒன்று குளிக்கும் இடத்தில், ஒன்று கிளாசெட் பக்கத்தில். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. துளை டைல்ஸோடும் பூச்சோடும் நிற்கக் கூடாது, செங்கல்லுக்குள் இறங்கி ஆங்கர் போல்ட் கடிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பிளம்பரிடம் கேட்டுவிடுங்கள். மாட்டியதும் வீட்டிலேயே கனமான ஆள் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்கட்டும். பக்கவாதம் வந்தவர் என்றால் வலுவுள்ள கைப்பக்கம் வையுங்கள்.

கதவையும் பாருங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்து, அவர் அதன்மேலேயே விழுந்துவிட்டால் வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். அதுவரை உள்தாழ்ப்பாள் வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): மாமியார் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது.

பதில்: 5 நிமிடம் படுக்க வைத்து பிபி பாருங்கள். எழுந்து நின்ற 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் மறுபடி பாருங்கள்; பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அந்த எண்களை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை, கண் விழித்ததும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, பாதங்களை ஆட்டியபடி 2 நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

கேள்வி (மயிலாப்பூர்): கத்திரி வெயிலிலும் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. தாகமே இல்லை என்கிறார்.

பதில்: உண்மையைத்தான் சொல்கிறார், வயதானால் தாகம் மழுங்கிவிடும். "வேணுமா?" என்று கேட்காமல் மணி பார்த்துக் கையில் கொடுங்கள். ராத்திரி பாத்ரூம் போகப் பயந்தும் பலர் குடிப்பதில்லை. ஆகவே பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் முடியுங்கள், வழியில் சின்ன விளக்கு எரியட்டும். இதயம் பலவீனமாக இருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ டாக்டர் சொன்ன அளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரும் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

கேள்வி (தாம்பரம்): தாத்தா இன்று காலை விழுந்து தலையில் லேசான வீக்கம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர். நன்றாகத்தான் பேசுகிறார், காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, பல மணி நேரம் கழித்தும் மயக்கம் வரலாம். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்றும் சொல்லுங்கள். வாந்தி, குழறல், தூக்கக் கலக்கம் எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்.