கள்ளுக்கடை லாபமும் நாசிக் ஒயினும்

வணக்கம் ஐயா. அண்மையில் நாசிக் போயிருந்தேன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒயின் ஆலைகள், நல்ல கூட்டம். மகாராஷ்டிர அரசு வரிச் சலுகையெல்லாம் கொடுத்து வளர்த்திருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தும் தமிழ்நாட்டு அரசு ஏன் ஒயினுக்குப் பணம் போடவில்லை? ஒயின் உடம்புக்கு நல்லது என்கிறார்களே? மது என்றாலே நம்மவர்களுக்கு ஏன் இந்தக் கூச்சம்?
– ஒரு வாசகர், செராஸ், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

உடம்புக்கு நல்லதா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். எனக்குத் தைத்தது அந்தக் 'கூச்சம்' என்ற சொல்தான். பினாங்குக்குக் குடிவந்து நாற்பது வருடமாகியும் நான் சுமந்துகொண்டிருப்பதை ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

நான் கெடாவில், பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சம்பள நாளன்று அம்மா என்னைக் கள்ளுக்கடைக்கு அனுப்புவார். அப்பா மூன்றாவது மங்கு கள் வாங்குவதற்குள் போய்க் கையை நீட்ட வேண்டும், அதற்கு மேல் போனால் ஒன்றும் கிடைக்காது. எனக்கு அப்போது ஏழு வயது. சில மாதம் ஐந்து வெள்ளி கிடைக்கும், சில மாதம் கன்னத்தில் அறை. அதே தோட்டத்தில் திருவிழா மேடையில், கள்ளுக்கடை லாபத்திலிருந்துதான் கோயிலுக்குப் பணம் தருகிறோம் என்று பெரிய கிராணி, அதாவது தோட்டத்துத் தலைமை எழுத்தர், வருடம் தவறாமல் சொல்வார், நாங்கள் எல்லோரும் கைதட்டுவோம். அது அப்பாவின் சம்பளம் என்று எனக்குப் புரிய இருபது வருடமானது.

கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் 1941இல் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போலீஸிடம் அடி வாங்கியது. அவர்களெல்லாம் கூச்சப்பட்டவர்களா, தம்பி? எழுதுவதற்கு முன் உங்கள் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

சரி, நாசிக்கு வருகிறேன். 2001இல் மகாராஷ்டிரம் திராட்சை பதனிடும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது, நாசிக் பக்கம் விஞ்சூரில் ஒயின் ஆலைகளுக்கென்று ஒரு தொழிற்பூங்கா அமைத்தது. அப்புறம் 20 சதவீத விற்பனை வரியில் 16 சதவீதத்தை ஆலைகளுக்கே திருப்பித் தரும் திட்டமும் வந்தது. எல்லாம் விவசாயியின் பெயரைச் சொல்லித்தான். ஆனால் ஒயின் திராட்சை பொடியாக, கொட்டையோடு இருக்கும், சந்தையில் கூறுகட்டி விற்க முடியாது. ஆலை வாங்கினால்தான் காசு. 2008க்குப் பிறகு விற்பனை படுத்தபோது பல ஆலைகள் பழம் வாங்காமலும், வாங்கியதற்குப் பணம் தராமலும் கையை விரித்தன. விவசாயிகள் பலர் கடன் வாங்கி நட்ட கொடியைத் தாங்களே பிடுங்கிப் போட்டார்கள். சலுகை முழுக்க ஆலைக்கு, நட்டம் கொடி வைத்தவனுக்கு. இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்வேன்: விவசாயிக்குப் பணம் போய்ச் சேர்ந்த ரசீதைக் காட்டிய பிறகுதான் ஆலைக்கு வரியைத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லையா, சலுகையும் இல்லை. மக்கள் பணத்தைக் கொடுக்கும் அரசுக்கு இதைக் கேட்கக்கூட உரிமை இல்லையா?

கம்பத்துக்கும் அதேதான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடையை டாஸ்மாக் மூலம் நடத்துவதே அரசுதான். வளர்ப்பவரும் விற்பவரும் ஒருவரே ஆகிவிட்டால் சம்பள நாளில் கடை வாசலில் நிற்கும் பிள்ளையை யார் பார்ப்பது?

உங்கள் மேல் கோபமில்லை. வெளியூர் போய் நல்லதைப் பார்த்ததும் நம் ஊருக்கும் வேண்டும் என்று நினைக்கிற மனசு எனக்குப் பிடிக்கும். அடுத்த முறை நாசிக் போனால் ருசி பார்க்கும் மேசையிலிருந்து எழுந்து ஆலையின் பின்பக்கம் போங்கள். அறுவடை நேரமாக இருந்தால் பழம் இறக்க வண்டிகள் நிற்கும். கொண்டுவந்தவரிடம் போன வருடத்துப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.