புறம்போக்கா மனிதன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் மூன்று வாரமாக ஒரே சண்டை. மனித சுதந்திரத்துக்கு ஆதாரம் எது? ‘என் உடல் எனக்குச் சொந்தம், அதனால் எவனும் எனக்கு எஜமானன் இல்லை’ என்கிறது ஒரு தரப்பு. ‘உடலும் உயிரும் கடவுளுடையவை, அதனால்தான் ஒரு மனிதன் இன்னொருவனுக்கு எஜமானன் ஆக முடியாது’ என்கிறது மறு தரப்பு. நான் முதல் தரப்பு. ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று அப்பரே சொல்லியிருக்கிறாரே என்று வாதாடினேன். இரண்டுமே தப்பு என்றார் ஒருவர். ‘அப்படியானால் மனிதன் என்ன, புறம்போக்கா?’ என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், கூட்டம் கலைந்தது.

எது சரி? விதி என்று ஒன்று இருந்தால் சுதந்திரத்துக்கு என்ன அர்த்தம்? உறுப்பு தானப் படிவத்தில் கையெழுத்திட யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்தே என் உடல் எனக்குச் சொந்தம் என்பதற்குச் சான்று இல்லையா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

விதியை நான் தொடப்போவதில்லை. விதி உண்டா என்பது ஒரு கேள்வி, உங்களைக் கட்டிவைத்து ஒருவன் வேலை வாங்கலாமா என்பது வேறு கேள்வி. விதியை நம்புகிறவனும் கட்டை அவிழ்க்கச் சொல்லித்தான் கத்துவான். என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் ‘புறம்போக்கு’. சில மாதமாக நான் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. நீங்கள் அங்கே வந்து சேர்ந்துவிட்டு, சிரித்துக் கலைந்திருக்கிறீர்கள்.

அதற்கு முன் ஒரு திட்டு. அப்பரை முதல் வரியோடு நிறுத்துவதை எப்போதுதான் விடுவீர்கள்? அச்சில் எட்டு வரி வரும் பாட்டு. ஏழாவது வரியில் ‘கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்’ என்கிறார். மீளா ஆள் என்றால் மீட்கவே முடியாத அடிமை. ஒருவனுக்கு முழுதாக எழுதிக்கொடுத்தாகிவிட்டது, அதனால் மற்ற எவனுக்கும் நான் குடியில்லை என்பதுதான் பாட்டின் வாதம். அதில் உண்மையிலேயே எவருக்கும் குடியல்லாதவன் ஒருவன்தான், சிவன். ஐந்தாவது வரி அவனைச் சொல்கிறது. எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சாட்சியை உங்கள் பக்கக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அவர்களும் கவனிக்கவில்லை என்பதுதான் இன்னும் வருத்தம்.

சரி, ‘சொந்தம்’ என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் அது நம்மை நன்றாக ஏமாற்றும். சித்தப்பாவும் சொந்தம், வீட்டு மனையும் சொந்தம். ‘என் பல்வலி’ என்றும் ‘என் வண்டி’ என்றும் ஒரே மாதிரிச் சொல்கிறோம். வண்டிக்குப் பத்திரம் உண்டு, பல்வலிக்குக் கிடையாது. உடல் இதில் எந்த வகை? இதை ஆவேசமாகப் பேசித் தீர்க்க முடியாது, சோதித்துத்தான் பார்க்கவேண்டும். ஒரு மனையை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம்? விற்கலாம், அடமானம் வைக்கலாம், குத்தகைக்கு விடலாம், தானம் கொடுக்கலாம். கடன் கட்டாவிட்டால் ஜப்தி வரும். எவனாவது சேதப்படுத்தினால் விலை போட்டு நஷ்டஈடு வாங்கலாம். உடலை ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள்.

விற்பனை. தன் உடல் தன் சொத்து என்று வாதிடும் சுய உடைமைக்காரர்களில் நேர்மையானவர் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக். சுதந்திரமான அமைப்பில் ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ள முடியுமா என்று 1974இல் தானே கேட்டு, முடியும் என்றே நினைக்கிறேன் என்று பதிலும் எழுதினார். சொத்து என்றால் அதுதான் முடிவு, தப்பிக்க வழியில்லை. அதே தரப்பைச் சேர்ந்த அமெரிக்கப் பொருளியலாளர் முர்ரே ராத்பார்ட் தப்பிக்கப் பார்த்தார்: உடல் சொத்துதான், ஆனால் விருப்பத்தை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, ஆகவே அந்த விற்பனை செல்லாது என்றார். நல்ல மனசு. ஆனால் அங்கே வேலை செய்வது சொத்துரிமை இல்லை, வேறு ஏதோ ஒன்று. அந்த வேறு ஒன்றைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குத்தகை. வாடகைக்கு விட்ட வீட்டை ஒப்பந்தக் காலத்துக்குள் நீங்கள் பூட்டிவிட்டால், வாடகைதாரருக்கு நீதிமன்றம் வீட்டையே திருப்பித் தரச்சொல்லும். மூன்று வருட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு ஆறாவது மாதம் நீங்கள் வெளியேறினால்? முதலாளி நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் உங்களைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவை என்று அநேகமாக எந்த நாட்டு நீதிமன்றமும் உத்தரவு போடாது. வாடகைக்குப் போனது உழைப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். உழைக்கிற ஆளோ அந்த ஒப்பந்தத்துக்குள் போகவே இல்லை.

ஜப்தி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பழைய ரோமில் கடனுக்கு உடலே ஈடு. கட்டாதவனைக் கடன்கொடுத்தவன் விலங்கிட்டு வீட்டில் வைத்துக்கொள்வான். பொ.ஆ.மு. 326இல் ஒரு சட்டம் வந்து அதை ஒழித்தது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கடனுக்குக் கடனாளியின் பொருள்தான் பொறுப்பு, உடல் பொறுப்பல்ல என்பது சட்டத்தின் சாரம். அந்த வருடம் ரோமானியச் சாமானியர்களுக்குச் சுதந்திரம் இரண்டாம் முறை தொடங்கியது போல இருந்தது என்கிறார். கவனித்தீர்களா? ‘உடல் உனக்கே சொந்தம்’ என்று எவரும் பட்டா போட்டுத் தரவில்லை. உடலைச் சொத்துக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டார்கள். அதைத்தான் அந்த ஜனங்கள் சுதந்திரம் என்று உணர்ந்தார்கள்.

சேதம். ஓர் அடிமையின் கையை ஒருவன் ஒடித்தால், சொத்துச் சேதத்துக்கான ரோமானியச் சட்டப்படி எஜமானன் நேரடியாக வழக்குப் போடலாம். சுதந்திரமானவனின் கை ஒடிந்தால் அதே சட்டத்தில் அவனுக்கு நேரடி வழக்கு கிடையாது. நீட்டிப் பொருத்திய ஒரு வழக்குதான் உண்டு. காரணத்தை உல்பியன் என்ற சட்ட அறிஞர் ஒரே வரியில் சொல்கிறார்: தன் அவயவங்களுக்கு எவரும் உரிமையாளராகக் கருதப்படுவதில்லை. அதே ரோமில், மாடியிலிருந்து விழுந்த பொருளால் ஒருவன் காயம்பட்டால் என்ன கணக்கு? வைத்தியச் செலவு உண்டு, போன கூலி உண்டு, இனிப் போகப்போகும் கூலியும் உண்டு. தழும்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை. சுதந்திர மனிதனின் உடலுக்கு மதிப்பீடு கிடையாது என்பது விதி. இதை அநியாயம் என்று உங்கள் நண்பர்கள் குதிப்பார்கள். குதிக்கட்டும். அந்த ஊரில் யாருடைய கைக்கு விலையும் உரிமையாளனும் இருந்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுக் குதிக்கட்டும்.

உறுப்பு தானத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஈரானைத் தவிர அநேகமாக எல்லா நாடுகளிலும் சிறுநீரகத்தைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. தானம் செய்யலாம், விற்கக் கூடாது என்றால் அது என்ன விதமான சொத்து? ஜான் மூர் வழக்கு தெரியுமா? ரத்தப் புற்றுநோய்க்காக 1976இல் அவருடைய மண்ணீரலை எடுத்தார்கள். அந்தச் செல்களை வைத்து மருத்துவர் அவருக்குத் தெரியாமல் ஆய்வு நடத்தினார். 1984இல் காப்புரிமையே வழங்கப்பட்டுவிட்டது. ‘என் சொத்தைத் திருடிவிட்டார்கள்’ என்றார் மூர். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நோயாளியிடம் மறைத்தது தவறு, முழு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்கவேண்டும் என்ற வழக்கை மட்டும் அனுமதித்தது. அவருக்குக் கைகொடுத்தது உடைமை இல்லை, சம்மதம். உங்கள் படிவத்தில் நீங்கள் போடப்போகும் கையெழுத்தும் கிரயக் கையெழுத்து இல்லை.

உங்கள் எதிர்த்தரப்பு இந்நேரம் கைதட்டிக்கொண்டிருக்கும். தட்டவேண்டாம். ‘நீ கடவுளின் சொத்து, ஆகவே உன்னை நீயே விற்க முடியாது’ என்பது பலமான வாதம், மறுக்கவில்லை. பைபிளில் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் 42ஆம் வசனம் இதையேதான் சொல்கிறது: எகிப்திலிருந்து நான் மீட்டுவந்த என் ஊழியர்கள் இவர்கள், இவர்களை அடிமைகளாக விற்கக் கூடாது. இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள். சுற்றியிருக்கும் மற்ற இனத்தாரிடமிருந்து அடிமைகளை வாங்கிக்கொள்ளலாம் என்று வரும். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1689இல் மனிதர்கள் கடவுளின் கைவேலை, அவருடைய சொத்து என்று எழுதினார். அதே நூலில், ஒவ்வொருவனுக்கும் தன் மேல் தனக்கே உடைமை என்றும் எழுதினார். உங்கள் இரண்டு தரப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், எம்.! லாக் யாருக்கு எதிராக எழுதினாரோ, அந்த மன்னராட்சி ஆதரவாளர் ராபர்ட் ஃபில்மரும் கடவுளிடமிருந்துதான் தொடங்கினார். ஆதாமுக்குக் கடவுள் அதிகாரம் கொடுத்தார், அது வழிவழியாக மன்னர்களுக்கு வந்தது, ஆகவே எவனும் சுதந்திரமாகப் பிறப்பதில்லை என்று முடித்தார். மூலப் பத்திரம் ஒன்றுதான். பவர் ஏஜெண்ட் யார் என்பதில்தான் தகராறு. கடவுள் நேரில் வந்து அனுபவிப்பதில்லை, அவர் பேரில் யாரோ ஒருவர் வந்து நிற்கிறார். அந்த வாதத்தின் ஓட்டை அங்கே இருக்கிறது, கடவுளிடம் இல்லை. (அமெரிக்காவில் கரோலினா என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்துக்காக 1669இல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில் லாக்குக்குப் பங்கு உண்டு. கறுப்பின அடிமைகள் மேல் எஜமானனுக்கு முழு அதிகாரம் தந்த சாசனம் அது. இதைச் சொல்லாமல் லாக்கைப் புகழ எனக்கு வாய் வராது.)

இப்போது புறம்போக்கு. உங்கள் கேள்வியில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. யாருக்கும் சொந்தமில்லாததை முதலில் வந்தவன் வளைத்துப்போடுவான். ஆனால் புறம்போக்கு என்பதே நிலப் பதிவேட்டில் ஒரு பதிவுதானே? உடைமையாகக் கூடிய ஒன்றுதான் உடைமையாளன் இல்லாமல் கிடக்கவும் முடியும். செவ்வாய்க்கிழமைக்கு யார் உரிமையாளர் என்று நாம் கேட்பதில்லை. அதனால் அதை எவரும் ஆக்கிரமித்துவிடவும் இல்லை. ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் இதைத் துல்லியமாகப் பிரித்தார்: மனிதன் தனக்குத் தானே தலைவனாக இருக்கலாம், தனக்குத் தானே உரிமையாளனாக இருக்க முடியாது.

அவருக்கு வெகுகாலம் முன்பே, இரண்டாம் நூற்றாண்டில், ரோமானியச் சட்ட அறிஞர் கையஸ் தன் சட்டப் பாடநூலில் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறார். நீண்டநாள் அனுபவித்தாலும் சொந்தமாகாதவை எவை என்று சொல்லும்போது சுதந்திர மனிதர்களையும் தெய்வங்களுக்கு அர்ப்பணித்த பொருள்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைக்கிறார். நல்லெண்ணத்தோடு எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அனுபவ பாத்தியம் வராது. அதே நூலில் கொஞ்சம் முன்னால், தெய்வச் சட்டத்துக்கு உட்பட்டது எவருடைய சொத்திலும் சேராது என்கிறார். அவருடைய பாகுபாட்டில் ‘தெய்வத்துக்குரியது’ என்றாலே ‘எவர் சொத்தும் இல்லை’ என்றுதான் பொருள். யாருடையதும் இல்லை, ஆனாலும் எவனும் கைவைக்க முடியாது. அப்படி ஓர் இடம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் இரு தரப்பும் அடுத்த வாரம் அங்கே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மறுபடி சண்டையைத் தொடருங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். போட்டதை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லியும் வையுங்கள். அந்த நேரம் வரும்போது மருத்துவமனை பெரும்பாலும் அவர்களிடம்தான் கேட்கும்.