249 கிராம் ட்ரோன்தானே, வால்பாறை காட்டு மேல விட்டா கேஸ் வருமா?

கேள்வி: நாங்க நாலு பேர் அடுத்த மாசம் வால்பாறை டிரிப் போறோம் சார். என் ட்ரோன் 249 கிராம்தான், நானோ, அதுக்கு எந்த பெர்மிஷனும் வேணாம்னு வித்தவங்க சொன்னாங்க. காட்டுக்குள்ள போகாம ரோட்டுல நின்னே மேல விட்டு வீடியோ எடுத்தா பிரச்சனை வருமா?

பதில்: தம்பி, அவங்க சொன்னது பாதிதான் சரி, அந்தப் பாதியை நம்பித்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோ, பைலட் சர்டிபிகேட் வேணாம், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் வேணாம். ஆனா அது வானத்துக்கான சட்டம். காட்டுக்கு 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுல ட்ரோன் எத்தனை கிராம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

வால்பாறை டவுனும் டீ எஸ்டேட்டும் சரி, ஆனா சுத்தி நாலு பக்கமும் ஆனைமலை புலிகள் காப்பகம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறுறீங்களே, நீங்க நிக்கப்போற அந்த ரோடே காட்டு வழியாத்தான் போகுது. சரணாலயத்துல போட்டோ, ஃபிலிம் எடுக்கணும்னா பிரிவு 28படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும், புலிகள் காப்பகத்துக்கும் அதேதான்.

"நான் உள்ள கால் வைக்கலையே"ன்னு கோர்ட்ல வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனா ஒண்ணு யோசிங்க. ட்ரோன் சத்தம் தேனீக்கூட்டம் மாதிரி இருக்கும், யானைக்கு தேனீன்னாலே பயம், குட்டியோட நிக்கிற கூட்டம் மிரண்டு எஸ்டேட் லைன் வீடுங்க பக்கம் ஓடுச்சுன்னா அங்க விடிகாலையில இலை பறிக்கப் போற பொம்பளைங்க நிலைமை என்ன? சட்டத்துலயும் வேட்டைங்கிற வார்த்தைக்குள்ள விலங்கை விரட்டுறதும் அடங்குது. யானை அட்டவணை 1 விலங்கு, அதாவது சட்டம் அதிகபட்ச பாதுகாப்பு குடுக்கிற பட்டியல்ல இருக்கு, அதை விரட்டினதா கேஸ் நிரூபணமானா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். குறைந்தபட்ச தண்டனை இருக்கிற குற்றத்தை ஃபைன் கட்டி காம்பவுண்ட் பண்ணவும், அதாவது கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுக்கவும் முடியாது. சாதாரண மீறலுக்கே 3 வருஷம் வரை போகலாம், ட்ரோனும் பறிமுதல் ஆகும்.

என்கிட்ட வந்த ஒரு பையனை ஸ்பாட்ல யாரும் பிடிக்கல, மூணு நாள் கழிச்சு அவனே ஊர் பேரோட போட்ட ரீல்ஸ்தான் சாட்சி ஆச்சு.

அதனால என் யோசனை, காட்டு மேல விடுற எண்ணத்தை விட்டுடுங்க. ஜாலி டிரிப்புக்கு அனுமதி கேட்டு கிடைக்கிறது கஷ்டம். ஆசையா இருந்தா எஸ்டேட் ஓனர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, காட்டு ஓரத்தை விட்டு நல்லா தள்ளி, அரசோட ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கை மேப்ல அது பச்சை மண்டலமான்னு (வான் அனுமதி தேவையில்லாத பகுதியான்னு) பார்த்துட்டு, 400 அடிக்கு கீழ, கண்ணுக்குத் தெரியிற தூரத்துலயே விடுங்க. செக்போஸ்ட்ல பையில ட்ரோன் இருக்கான்னு கேட்டா மறைக்காதீங்க.

ஒருவேளை பிடிச்சுட்டாங்கன்னா மெமரி கார்டை மட்டும் அழிச்சிடாதீங்க, அது சாட்சியை அழிச்ச தனி கேஸாயிடும். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, பறிமுதல் மகஜர் (என்னென்ன எடுத்தாங்கன்னு எழுதுற பதிவு) காப்பி ஒண்ணு கேட்டு வாங்கிட்டு, உடனே பக்கத்துல ஒரு வக்கீலைப் பாருங்க.