வரலாற்றுப் போர் நாவல் எழுதினவங்கள்ல உங்க மனசுல நின்னவர் யாரு, ஏன்?

எனக்கு மைக்கேல் ஷாரா தான். அமெரிக்காக்காரர், 1928ல பொறந்தவர். பாராட்ரூப்பர், குத்துச்சண்டை, போலீஸ்னு என்னென்னவோ செஞ்சுட்டு அப்புறம் ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டில வாத்தியாரா இருந்தவர், ஆரம்பத்துல எழுதினது பூரா சயின்ஸ் ஃபிக்‌ஷன் சிறுகதைங்க. 36 வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்துச்சு. 60கள் நடுவுல குடும்பத்தோட, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்கும் தெற்கும் மோதின கெட்டிஸ்பர்க்ங்கிற ஊருக்குப் போனவருக்கு அந்த இடம் மனச விட்டுப் போகவே இல்ல. அதுல வந்ததுதான் 'தி கில்லர் ஏஞ்சல்ஸ்' நாவல், 1863 ஜூலைல அங்க நடந்த மூணு நாள் சண்டையப் பத்தினது.

பதினஞ்சு பதிப்பகம் வேணாம்னு திருப்பி அனுப்பின புத்தகம் இது. 1974ல ஒரு சின்ன பதிப்பகம் போட்டுச்சு, அடுத்த வருஷமே அமெரிக்காவோட பெரிய இலக்கிய விருதான புலிட்சர் கிடைச்சுது, ஆனா அதுக்கப்புறமும் பெருசா விக்கல.

இதுல என்ன விசேஷம்னா ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு ஆளோட தலைக்குள்ள நடக்குது, அதுவும் ரெண்டு பக்கத்து ஆளுங்களும். தெற்குப் பக்கம் ஜெனரல் லாங்ஸ்ட்ரீட், இந்தத் தாக்குதல் வேணாம்னு தெற்குப் படைத் தளபதி லீகிட்ட சொல்லிப் பாக்குறார், லீ கேக்கல. மூணாம் நாள் கிட்டத்தட்ட 12,500 பேர் ஒரு மைல் வெட்டவெளில பீரங்கிக்கு எதிரா நடக்கணும். முன்னேறட்டுமான்னு அவருக்குக் கீழ இருந்த ஜெனரல் பிக்கெட் வந்து கேக்குறப்போ லாங்ஸ்ட்ரீட்டுக்கு வாய் வரல, தலைய மட்டும் ஆட்டுறார். போனதுல பாதிக்கு மேல செத்தோ காயம்பட்டோ பிடிபட்டோ போயிட்டாங்க. இது வரலாறுலயே இருக்கு, ஆனா ஷாரா எழுதிப் படிக்கிறப்போ அந்தத் தலையாட்டலோட கனம் நம்ம கழுத்துல ஏறுது.

வடக்குப் பக்கம் சேம்பர்லெய்ன், காலேஜ் பேராசிரியரா இருந்து பட்டாளத்துக்கு வந்தவர். லிட்டில் ரவுண்ட் டாப் குன்றுல குண்டு தீந்துபோனதும் பயோனெட்டோட, அதாவது துப்பாக்கி முனைல மாட்டுற கத்தியோட, இறங்கிப் பாய்ஞ்ச ஆள், இந்தக் கதைய எல்லாரும் சொல்வாங்க. என்னை உலுக்கினது அதுக்கு முன்னாடி வர்ற ஒரு இடம். வரிசைல ஓட்டை விழுது, யோசிக்கவே யோசிக்காம சொந்தத் தம்பி டாமை அங்க அனுப்பிடுறார், என்ன செஞ்சோம்னு அப்புறம்தான் அவருக்கு உறைக்குது. போர் ஒரு நல்ல மனுஷனை எந்த அளவுக்குக் கொண்டுபோய் விடும்னு இத விடச் சுருக்கமா யாரும் எழுதி நான் படிச்சதில்ல.

குறைன்னு பாத்தா இது பெரும்பாலும் அதிகாரிங்க கண்ணு வழியா போற கதை, இந்தப் போருக்கே காரணமா இருந்த அடிமைங்களோட பக்கம் ரொம்பக் கொஞ்சமாதான் வருது. அப்புறம் சேம்பர்லெய்ன் கூடவே வர்ற கில்ரெயின் கற்பனைப் பாத்திரம், நிஜ ஆள்னு நினைச்சுத் தேடாதீங்க.

ஷாரா 1988ல 59 வயசுல செத்துட்டார். 1993ல 'கெட்டிஸ்பர்க்' படம் வந்த பிறகுதான் புத்தகம் பெஸ்ட்செல்லர் ஆச்சு, அதைப் பாக்க அவர் இல்ல. இந்தச் சண்டைக்கு முந்தைய கதையையும் பிந்தைய கதையையும் அவர் பையன் ஜெஃப் ஷாரா எழுதினார், ஆனா நீங்க அப்பாவோட புத்தகத்துல இருந்தே ஆரம்பிங்க. உள்ள மேப் இருக்கு, ஒவ்வொரு நாள் சண்டைக்கும் அதைத் திருப்பிப் பாத்துக்கிட்டே படிங்க, இல்லனா எந்தக் குன்று எந்தப் பக்கம்னு குழம்பிடும்.