கொழும்பில் கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறதா? வால் வளையங்களை எண்ணி அதன் வயதைச் சொல்லலாமா?

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். கிலுகிலுப்பைப் பாம்புகள் கனடா தொடங்கி ஆர்ஜென்டினா வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. வெள்ளவத்தைக் கால்வாயோரம் அதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாலில் இருப்பது நம் நகம் போன்ற கெரட்டின். உள்ளே மணியோ கல்லோ கிடையாது. ஒன்றோடொன்று தளர்வாகக் கோர்த்த வெற்று வளையங்கள் உரசித்தான் சத்தம் வருகிறது. பிறந்த குட்டிக்கு ஒரே ஒரு குமிழ்தான், எனவே சத்தம் வராது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். வருடத்தில் பல தடவை உரிக்கும், நுனியும் உடைந்து விழும். அப்புறம் எண்ணி என்ன பயன்?

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. நாம் நெருங்க நெருங்க ஆட்டும் வேகம் மெல்லக் கூடி, செக்கனுக்கு 40 தடவை அளவில் இருந்து சட்டென்று 60க்கு மேல் பாயும். கேட்பவருக்குப் பாம்பு இன்னும் கிட்டே இருப்பதாகத் தோன்றும். 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. சரியான தந்திரக்காரப் பாம்பு!

நம் ஊரில் சத்தமிட்டு எச்சரிப்பது கண்ணாடி விரியன். குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துச் சுருட்டை விரியன் உடம்புச் செதில்களை உரசிச் சத்தமிடும். எதைக் கேட்டாலும் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள்.