அகத்திக்கீரை எடுத்து வைத்தவர்

கேள்வி: எங்கள் தெருமுனையில் காய் விற்கும் அம்மாவிடம்தான் 18 வருடமாக வாங்கினேன். இப்போது 4 மாதமாக மகன் செல்போனில் ஆர்டர் போடுகிறான், விலை குறைவு. அந்தம்மா கண்ணில் படாமல் பின் தெரு வழியாகப் போய் வருகிறேன். ‘கொசுறு கொடுப்பதெல்லாம் வியாபாரத் தந்திரம்’ என்கிறான் மகன். ஐப்பசியில் எப்போதோ வரும் என் மாமனார் திதியைக் கொழுந்தனார்கூட மறந்துவிடுவார், அந்தம்மா வாழைக்காயும் மாட்டுக்கு அகத்திக்கீரையும் எடுத்து வைத்துவிடுவார். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்ல என்ன இருக்கிறது? நீங்கள் பின் தெருவில் போவது அவருக்கு என்றைக்கோ தெரியும். 18 வருடம் தெருமுனையில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரியாதா?

கொசுறை விடுங்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை வியாபாரம்தான், உங்கள் மகன் சொல்வது சரி. நான் கேட்பது அந்த அகத்திக்கீரையை. திதி, இங்கிலீஷ் தேதி மாதிரி வருடா வருடம் ஒரே நாளில் வராது. ஐப்பசி பிறந்ததும் தினசரி காலண்டரைப் புரட்டி, வளர்பிறையா தேய்பிறையா என்று பார்த்து வைக்க வேண்டும். தண்டலில் 9,000 ரூபாய் கையில் வாங்கி, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட பிழைப்பில், விடியுமுன் தாராசுரம் மார்க்கெட்டில் சரக்கெடுக்கும்போது உங்கள் மாமனார் ஞாபகம் வர வேண்டும். வருடத்துக்கு ஒரு கட்டுக் கீரை! தந்திரம் என்றால், நட்டத்துக்குச் செய்கிற தந்திரம்.

அப்புறம் கொழுந்தனார். அவர் மறப்பதை ஏதோ வேடிக்கை போல எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தகப்பன் போன நாள் பிள்ளைக்கு மறந்துபோவது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்காவது நினைவிருக்கிறதா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்களும்தான் ‘எப்போதோ’ என்கிறீர்கள். பெரியவரை நினைக்கிற வேலையை வீடே சேர்ந்து ஒரு காய்க்கார அம்மா தலையில் கட்டிவிட்டு, இப்போது அவரிடமே ஒளிகிறீர்கள். தாயாதி பங்காளி என்று நாம் சொல்லிக்கொள்கிறவர்கள் செய்யாததை அவர் செய்திருக்கிறார். எனக்கு அவர்தான் உறவு.

வெங்காயம், உருளைக்கிழங்கை ஆர்டர் போட்டு வாங்குங்கள், குற்றமில்லை. கீரையும் வாழைக்காயும் அந்தம்மாவிடம்தான், பேரம் பேசாமல். ‘ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை’ என்று கதை விடாதீர்கள். நாளைக்கே முன் தெரு வழியாகப் போங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு. பையை அவன் பிடிக்கட்டும். இந்த வருடம் திதி என்றைக்கு வருகிறது என்று அந்தம்மாவிடம் கேளுங்கள். கேட்டுவந்து கொழுந்தனாருக்குப் போன் போடுங்கள்.